முத்திரை வைக்காத துளை

தேர்வு வாரியத்திலிருந்து ஆள் வந்து தன் கம்ப்யூட்டருக்கு முத்திரை வைத்துவிட்டுப் போன அன்று டீச்சருக்குப் பெருமை பிடிபடவில்லை. வருடக்கணக்கில் வேதியியல் நடத்தித் தொண்டை கட்டியதற்குக் கிடைத்த மரியாதை அது. பள்ளி இறுதித் தேர்வுக்கு வினாத்தாள் எழுதும் பொறுப்பை வாரியம் எல்லோரிடமும் கொடுத்துவிடாது. வீட்டில் தனி அறை, அதற்குத் தனிப் பூட்டு, இணையத்தோடு எந்த வகையிலும் ஒட்டாத கம்ப்யூட்டர் என்று மூன்று பக்கத்துக்கு விதிகள் வேறு.

வந்தவர் மேஜைக்கடியில் இருந்த பெட்டியை இழுத்து, அதன் முதுகைத் தன் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். டீச்சர் அந்த முதுகை அதுவரை ஒழுங்காகப் பார்த்ததே இல்லை. மேலே ஊதாவும் பச்சையுமாக ஒரு வட்டத் துளை, இரண்டிரண்டாக யுஎஸ்பி துளைகள், நெட்வொர்க் வயருக்கு ஒரு சதுரத் துளை, ஸ்பீக்கரும் மைக்கும் மாட்ட வரிசையாக மூன்று வண்ண வட்டங்கள். திரைக்கென்று மட்டும் மூன்று இருந்தன. திருகு வைத்து முடுக்குகிற பழைய நீல விஜிஏ, தட்டையாக ஹெச்டிஎம்ஐ, ஒரு மூலையை மட்டும் சீவிவிட்டது போல டிஸ்ப்ளேபோர்ட்.

"மதர்போர்டு நானே தேடிப் பிடிச்சது சார். இந்த சைஸ்ல மூணு டிஸ்ப்ளே போர்ட்டு குடுக்கறது அபூர்வம்" என்றான் அவள் கணவன். கடைத்தெருவில் கம்ப்யூட்டர் விற்று, பழுதும் பார்க்கிறவன். மனைவியின் கம்ப்யூட்டரைத் திருகு திருகாகத் தானே பூட்டியவன்.

"மூணு திரை வெச்சுக்கிட்டு வீட்டுல என்ன சார், விமான நிலையமா நடத்துறீங்க?" என்று சிரித்தார் வந்தவர்.

ஒவ்வொரு துளையின் மேலும் வாரியத்தின் பெயர் அச்சிட்ட தாளை ஒட்டி, குறுக்கே கையெழுத்துப் போட்டார். கீபோர்டும் மவுஸும் மாட்டியிருந்த இடத்தில் பிளக்கையும் பெட்டியையும் சேர்த்து ஒட்டினார். பழைய மானிட்டர் விஜிஏவில் இருந்தது. அதன் பக்கத்திலிருந்த இரண்டு துளைகளையும் ஒன்றும் செய்யாமல் அவர் எழுந்தபோது டீச்சர் கேட்டாள்.

"இது ரெண்டும் திறந்து கெடக்கே சார். இதுக்கு ஒட்ட வேண்டாமா?"

"அது படம் காட்டுற ஓட்டைம்மா. அது வழியா எந்த ஃபைலும் எடுக்க முடியாது. எனக்குக் குடுத்த லிஸ்ட்லயும் அது இல்ல."

கணவனும் "ஆமா, அதுல ஒண்ணும் பண்ண முடியாது" என்றான். அன்று அவன் அதை உண்மையாகவே சொன்னான் என்றுதான் டீச்சர் இன்றைக்கும் நினைக்கிறாள்.

வருடத்தில் இரண்டு மாதம், சனி ஞாயிறு மதியங்களில் அவள் அறையைச் சாத்திக்கொண்டு வினாத்தாள் எழுதுவாள். அந்த நேரத்தில் கணவன் பக்கத்து அறையில் இருப்பான். வீட்டுக்கு எடுத்து வந்த பழுது வேலைகளைச் செய்ய அவன் வைத்திருந்த அறை அது. அட்டைப் பெட்டிகள், பிரித்துப்போட்ட பாகங்கள், ரிப்பேரான கம்ப்யூட்டர்களை மாட்டிப் பார்ப்பதற்கு ஒரு பழைய டிவி. நான்கு மணிக்கு வெளியே வந்து டீ போட்டு அவள் கதவைத் தட்டுவான். உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு கோப்பையை நீட்டுவான். "ரகசியக் காப்புப் பிரமாணம் எடுத்திருக்கிற அம்மா, டீ வந்திருக்கு" என்பான். அவள் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வாள்.

எழுதி முடித்த தாளை வாரியத்து ஆள் வந்து, ஒரு முத்திரையைக் கிழித்து, பென் டிரைவில் எடுத்துக்கொண்டு, மறுபடி முத்திரை வைத்துவிட்டுப் போவார். பிறகு வாரிய அலுவலகத்தில் வைத்து அதைச் சரிபார்ப்பது இன்னொருத்தி. அவளும் அதே பள்ளியில் வேதியியல் எடுப்பவள். காலையில் கேட் திறந்ததும் பேச ஆரம்பித்தால் கடைசி மணிவரை நிறுத்தமாட்டாள் என்பதால் பிள்ளைகள் அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்திருந்தார்கள். நாளடைவில் ஆசிரியர்களுக்கும் அதே பெயர்தான் வாயில் வந்தது. பதினைந்து வருடமாக டீச்சரும் ரேடியோவும் ஒரே டிபன் பாக்ஸில் கைவைத்துச் சாப்பிட்டவர்கள். டீச்சருக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கூடவே கிடந்து, பக்கத்துக் கட்டில்காரர்களின் குடும்பக் கதைகளை எல்லாம் விசாரித்துச் சொல்லி, தையல் பிரிந்துவிடுகிற அளவுக்குச் சிரிக்கவைத்தவள் ரேடியோ.

முதல் வருடத் தேர்விலேயே கணவனின் அக்கா மகள் வேதியியலில் தோற்றுப்போனாள். அடுத்து எழுதிய துணைத் தேர்விலும் தோற்றாள். நாத்தனார் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து அழுதாள். "முக்கியமான கேள்வி எதுன்னு கோடு போட்டாவது குடேன். உன் வீட்டுப் பொண்ணு இல்லையா அவ?" என்றாள்.

"பாடம் வேணும்னா தினம் சொல்லித் தரேன் அண்ணி. கோடு போட்டுக் குடுக்க என்னால முடியாது. கையெழுத்துப் போட்டிருக்கேன்" என்றாள் டீச்சர். நாத்தனார் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போனாள். கணவன் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. தன் பக்கம்தான் நிற்கிறான் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

அதற்கு அடுத்த ஞாயிறு, மேஜைக்கடியில் வயர்கள் கன்னாபின்னாவென்று தொங்குகின்றன, ஒருநாள் தடுக்கி விழப்போகிறாய் என்று சொல்லி, எல்லாவற்றையும் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் பட்டைக்குள் போட்டு மூடிச் சுவரோடு ஆணி அடித்துக்கொடுத்தான். அதற்குப் பிறகு அவளுக்குத் திரையில் எழுத்துகள் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தன. அவனிடம் சொன்னாள்.

"கண்ணு போக ஆரம்பிச்சாச்சு டீச்சரம்மா. வயசு ஏறுதா இறங்குதா?" என்று கேலி பண்ணி, அவனே கண் டாக்டரிடம் அழைத்துப்போய்க் கண்ணாடி வாங்கிக்கொடுத்தான். கண்ணாடி போட்டும் பெரிதாக ஒன்றும் தெளியவில்லை. பழகிக்கொண்டாள்.

நாத்தனார் மகள் இரண்டாம் வருடத் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்துத் தேறினாள்.

*

நான்காம் வருடம், தேர்வு நடந்த காலையில், டீச்சர் வீட்டில் உட்கார்ந்து விடைக்குறிப்பு தட்டிக்கொண்டிருந்தாள். பத்தரை மணிக்குப் பள்ளியிலிருந்து போன் வந்தது. தேர்வு மையத்தின் வாசலில் ஒரு மாணவியின் பையிலிருந்து விழுந்த தாளில் முப்பது கேள்விகள் கையால் எழுதியிருந்தனவாம். வினாத்தாளோடு வைத்துப் பார்த்தால் இருபத்தாறு அப்படியே இருந்தனவாம். வேறு பிள்ளைகளிடமும் அதே தாளின் நகல்கள்.

டீச்சருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கம்ப்யூட்டரை அணைக்காமல், அறையைப் பூட்டக்கூட மறந்து, பள்ளிக்கு ஓடினாள். ஆட்டோவில் ஏறியபிறகுதான் கணவனுக்குப் போன் செய்தாள். "நான் இப்பவே வரேன், நீ பதறாத" என்றான். பன்னிரண்டு மணிக்கு ஆசிரியர் அறைக்கு மூச்சிரைக்க வந்து நின்றான். "கடையை அப்படியே போட்டுட்டு நேரா ஓடி வரேன்" என்றான். அத்தனை பேர் முன்னால் அவள் அவன் தோளில் சாய்ந்து அழுதாள். ரேடியோ ஒரு பக்கம் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

தேர்வை ரத்து செய்தார்கள். செய்தித்தாள்களில் வந்தது. பல்லாயிரம் பிள்ளைகள் மறுபடி எழுத வேண்டும். தெருவில் அதுவரை வணக்கம் சொன்னவர்கள் அவளைப் பார்த்ததும் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்கள்.

வீட்டில் அவன் தாங்கினான். வேளைக்குச் சோறு வைத்தான், தூங்காமல் புரண்டால் எழுந்து தண்ணீர் கொடுத்தான். அவளோடு சேர்ந்து யோசித்தான்.

"உனக்கு அப்புறம் அந்தப் பேப்பரை யாரு பாத்தாங்க?"

"ரேடியோ பாத்தா. அவ்வளவுதான்."

"நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காத. அவங்க தங்கமான மனுஷிதான். ஆனா அவங்க வாயில ஒரு விஷயம் தங்குமா?"

அவள் சண்டைக்குப் போனாள். அவன் உடனே விட்டுவிட்டான். இரண்டு நாள் கழித்து, காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது, ஏதோ இப்போதுதான் நினைவுக்கு வந்ததுபோலச் சொன்னான்.

"போன மாசம் கடைக்கு வந்தாங்க, இங்க் வாங்க. யார்கிட்டயோ போன்ல, இந்த வருஷம் ரெண்டாவது பாடத்துலேருந்து நிறைய வரும்னு சொல்லிட்டிருந்தாங்க. அப்போ எனக்கு அது பெருசா தோணல."

அது அவளுக்குள்ளே இறங்கி உட்கார்ந்துகொண்டது. அந்த வினாத்தாளில் இரண்டாவது பாடத்திலிருந்துதான் ஏழு கேள்விகள். கணவனுக்கு அது எப்படித் தெரியும் என்று அவள் யோசிக்கவில்லை. அவனுக்குத் தெரியாத ஒன்றை அவன் சொல்கிறான் என்றால் அது ரேடியோ சொன்னதால்தான் இருக்கும் என்று நம்பினாள்.

விசாரணை அதிகாரியிடம் அதை அப்படியே சொன்னாள். மறுநாளே ரேடியோவை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள்.

தன் சாமான்களை எடுக்க வந்த ரேடியோ அவள் மேஜைக்கு எதிரில் நின்றாள். "நீயாடி சொன்னே?"

"நான் கேள்விப்பட்டதைச் சொன்னேன்."

"கேள்விப்பட்டதை என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாடி?"

டீச்சர் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். சிவப்பு மையில் எதற்கு எத்தனை போட்டோம் என்று அவளுக்கே தெரியாது. அந்தக் கட்டு நோட்டுகளைப் பிறகு மறுபடி திருத்த வேண்டியதாயிற்று.

*

மூன்றாம் வாரம் வாரியம் அவளுடைய கம்ப்யூட்டரை எடுத்துவரச் சொன்னது. அலுவலகத்தின் பின்கட்டில் ஓர் அறை. நடு மேஜைமேல் பெட்டியை முதுகு தெரியத் திருப்பிவைத்திருந்தார்கள். விசாரணை அதிகாரி ஒரு பக்கம், டீச்சர் ஒரு பக்கம். வாரியத்தின் தொழில்நுட்ப அதிகாரி ஒரு பெண்மணி. முப்பத்தைந்து வயது இருக்கும், சட்டைப் பையில் சிறு டார்ச்சும் திருப்புளியும். ஒவ்வொரு முத்திரையாக வெளிச்சம் அடித்துப் பார்த்து, கையெழுத்தை முத்திரை வைத்தபோது எடுத்த படத்தோடு ஒப்பிட்டு, சரி, சரி என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

"ஒண்ணுகூடக் கிழியல சார். எடுத்துட்டு மறுபடி ஒட்டின மாதிரியும் இல்ல."

அதிகாரி டீச்சரைப் பார்த்தார். "அப்படீன்னா மெஷின் வழியா வெளிய போகல. மனுஷங்க வழியாத்தான் போயிருக்கு. சரிபார்த்தவங்க தான் சொல்லவே இல்லைங்கறாங்க. பாக்கி நீங்க ஒருத்தர்தான்."

தொழில்நுட்ப அதிகாரி இன்னும் குனிந்தபடியே இருந்தாள்.

"மேடம், இந்த மானிட்டரை எப்பவுமே விஜிஏலதான் மாட்டுவீங்களா?"

"ஆமா. அது ஒண்ணுதான் என்கிட்ட இருக்கு."

"இங்க வந்து பாருங்க." டார்ச்சை டிஸ்ப்ளேபோர்ட்டுக்குள் அடித்தாள். உள்ளே பஞ்சு பஞ்சாகத் தூசி. அப்புறம் பக்கத்திலிருந்த ஹெச்டிஎம்ஐ துளைக்குள் அடித்தாள். தகடு பளபளவென்று இருந்தது. ஓரத்தில் பிளக் ஏறி இறங்கிய கீறல். "நாலு வருஷமா காலியா இருந்த துளை இப்படி இருக்காது. இதுல ஏதோ மாட்டியே இருந்திருக்கு. எடுத்து ஒரு மாசம்கூட ஆகல. வருஷா வருஷம் வந்தவர் முத்திரையை மட்டும்தான் பாத்திருப்பார்."

மெஷினை இயக்கச் சொல்லி, ஏதேதோ பட்டியல்களைத் திறந்தாள். "எந்தத் திரையை மாட்டினாலும் இது அதோட பேரைக் குறிச்சு வெச்சுக்கும் சார். எடுத்துட்டாலும் பேர் போகாது." அவள் விரல் ஒரு வரியில் நின்றது. "ரெண்டு திரை இருக்கு. ஒண்ணு மானிட்டர். இன்னொண்ணு ஒரு டிவி." டிவியின் மாடல் எண்ணை வாய்விட்டு வாசித்தாள். "மானிட்டர்ல என்ன தெரியுதோ அதுவே டிவியிலயும் தெரியற மாதிரி செட் பண்ணியிருக்காங்க. அந்த டிவி பழசு, துல்லியம் குறைவு. அதுக்கு ஏத்த மாதிரி படத்தைக் குறைச்சுக் காட்டியிருக்கும். உங்களுக்கு எழுத்து மங்கலா தெரிஞ்சிருக்கணுமே?"

டீச்சர் தன் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"முதல்ல மாட்டினது மூணு வருஷத்துக்கு முன்னாடி, ஒரு ஞாயித்துக்கிழமை. கடைசியா எடுத்தது பரீட்சை அன்னைக்கு. காலையில பதினொண்ணு இருபது."

பதினொன்று இருபது. அப்போது அவள் ஆசிரியர் அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வாசலை வாசலைப் பார்த்தாள், இன்னும் அவரைக் காணோமே என்று. நேராக ஓடி வருகிறேன் என்றவன் வீட்டுக்குப் போய் வயரைப் பிடுங்கிவிட்டுத்தான் வந்திருக்கிறான்.

"உங்க வீட்டுல இந்த மாதிரி டிவி இருக்கா?" என்றார் விசாரணை அதிகாரி.

"தெரியாது சார்" என்றாள் டீச்சர். வாரியத்திடம் அவள் சொன்ன முதல் பொய். தொழில்நுட்ப அதிகாரி அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி திரையைப் பார்த்தாள். "நாளைக்குக் காலையில வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டியிருக்கும்" என்று மட்டும் சொன்னார் அதிகாரி.

*

பேருந்தில் வரும்போது அந்த எண்ணை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். வீட்டில் யாரும் இல்லை. பழுது அறைக்குள் போய், அலமாரித் தட்டிலிருந்த டிவியைச் சுவரிலிருந்து தள்ளித் திருப்பினாள். முதுகில் ஒட்டியிருந்த தாளில் அதே எண். ஓர் எழுத்துகூட மாறவில்லை. அட்டைப் பெட்டிகளை நகர்த்தினாள். இரண்டு அறைக்கும் நடுவிலிருந்த சுவரில், தரையோடு ஒட்டி, ஒரு துளையை வெள்ளை சிமெண்டால் அடைத்திருந்தது. சுண்ணாம்பு பழுப்பாக இருந்த சுவரில் அது மட்டும் புதுசு.

மதியச் சாப்பாட்டுக்கு அவன் வந்தான். அவள் அந்த அறையில் தரையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, "என்னம்மா இங்க? உடம்புக்கு முடியலையா?" என்றான்.

"இந்த டிவியில என்னங்க பாப்பீங்க?"

"இதுவா? ரிப்பேர் வர்ற மெஷினை மாட்டிப் பாப்பேன். ஏன்?"

அவள் மாடல் எண்ணைச் சொன்னாள். முதல் ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னாள். பதினொன்று இருபதைச் சொன்னாள். இந்த மாதிரி டிவி வீட்டில் இருக்கிறதா என்று அதிகாரி கேட்டதையும், நாளைக் காலையில் பார்க்க வரப்போவதையும் சொன்னாள். அவன் பேயறைந்தவன் போல நின்றான். பிறகு ஓர் அட்டைப் பெட்டியின் மேல் உட்கார்ந்தான். அது நடுவில் அமுங்கியது.

"அக்கா பொண்ணுக்காகத்தான் ஆரம்பிச்சேன். நீ ரூல் பேசி அக்காவை அனுப்பிட்ட. அந்தப் பொண்ணு ரெண்டு நாளா சாப்பிடல. நான் தாய்மாமன். நான் என்ன பண்ணட்டும்?"

"அவ தேறிட்டாளே. அப்புறமும் ரெண்டு வருஷம் எதுக்கு?"

"அக்கா நாலு பேர்கிட்ட சொல்லிட்டா, என் தம்பி போடற கெஸ்ஸு அப்படியே விழுதுன்னு. கடைக்குத் தேடி வந்து நிக்கிறாங்க. அப்பாமாருங்க, அம்மாமாருங்க. ஒத்தக் காசு வாங்கல. உன் மேல சத்தியம்."

"என் மேல சத்தியம் பண்ணாதீங்க."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "இந்தத் தெருவுல எனக்குன்னு ஒரு பேர் உண்டா? டீச்சர் வீட்டுக்காரர். அவ்வளவுதான். முதல்தடவையா என்னைத் தேடி ஆள் வந்தாங்க. கையெடுத்துக் கும்பிட்டாங்க. வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரல."

அந்த நேரத்தில் அவளுக்கு அவன்மேல் இரக்கம் வந்தது உண்மை. இருபத்தொரு வருடம் கூட வாழ்ந்தவன். அவன் அழுதால் என்ன செய்வான் என்று அவளுக்குத் தெரியும். சட்டைக் கையால் மூக்கைத் துடைப்பான். துடைத்தான்.

"சரி. ரேடியோவை எதுக்கு இழுத்தீங்க?"

"வேற யாரை இழுக்கறது? அவங்களை விட்டா நீ. உன்னையா மாட்டிவிட முடியும்?" ஏதோ அவளுக்கு உபகாரம் செய்ததுபோல் சொன்னான். பிறகு, கொஞ்சம் தைரியம் வந்தவனாக நிமிர்ந்தான். "டிவி இருக்கான்னு கேட்டதுக்கு நீ என்ன சொன்னே?"

"தெரியாதுன்னு சொன்னேன்."

"அப்புறம் என்ன? இன்னிக்கே இந்த டிவியைக் கடத்திடறேன். அவங்க வந்து தேடட்டும். ரேடியோ டீச்சர் ஏற்கெனவே மாட்டியாச்சு, அவங்களுக்கு வேற ஸ்கூல்ல வேலை கிடைக்காமலா போயிடும்? ரெண்டு மாசத்துல எல்லாரும் மறந்துடுவாங்க." அவள் கையைப் பிடித்தான். "எனக்காகத்தானே தெரியாதுன்னு சொன்னே? நீயும் இதுல வந்தாச்சும்மா."

அவள் கையை உருவிக்கொண்டாள். டிவியைத் தூக்கி, தன் அறைக்குள் கொண்டுபோய் வைத்து, கதவைப் பூட்டி, சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். முப்பத்திரண்டு அங்குல டிவியைத் தனியாகத் தூக்க முடியும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. அவன் தடுக்கவில்லை. வீம்புக்குச் செய்கிறாள், கோபம் தணிந்தால் கொடுத்துவிடுவாள் என்று நினைத்திருப்பான். சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போனான்.

*

காலையில் அதிகாரிகள் வருவதற்கு முன்பே டீச்சர் வாரிய அலுவலக வாசலில் நின்றாள். இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். டிவியைப் பற்றி, சுவரிலிருந்த துளையைப் பற்றி, கணவன் ஒப்புக்கொண்டதைப் பற்றி. நேற்றுத் தெரியாது என்று சொன்னது பொய் என்றும், ரேடியோவைப் பற்றிச் சொன்னது கணவன் வாயால் கேட்டது மட்டுமே, தானாக எதையும் பார்க்கவில்லை என்றும் எழுதி, அடியில் கோடு போட்டிருந்தாள்.

அதிகாரி வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் தாளைத் தட்டிக்கொண்டிருந்தார். "யோசிச்சுதான் குடுக்கறீங்களா? இது எங்களோட நிக்காது. போலீஸுக்குப் போகும்."

"யோசிச்சுட்டுதான் வந்தேன் சார்."

அன்று மதியமே அவனைக் கடையிலிருந்து அழைத்துப்போனார்கள். நாத்தனார் போனில் கத்தினாள். "கட்டின புருஷனைக் காட்டிக் குடுத்திருக்கியே, உனக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா?" டீச்சர் முழுவதையும் கேட்டுவிட்டு, "உங்க பொண்ணை நல்லா படிக்கச் சொல்லுங்க அண்ணி" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ரேடியோவின் வீட்டுக்குப் போக அவளுக்கு நான்கு நாள் ஆயிற்று. தெருமுனைவரை போய் இரண்டு தடவை திரும்பினாள். மூன்றாவது தடவை கதவைத் தட்டினாள். ரேடியோவின் கணவர் திறந்து, நாற்காலியைக் காட்டிவிட்டு உள்ளே போனார். ரேடியோ வந்து எதிரில் உட்கார்ந்தாள். வேலை உத்தரவு திரும்பி வந்திருந்தது. மேஜைமேல் உறை கிடந்தது.

டீச்சர் மன்னிப்புக் கேட்டாள். சுற்றி வளைக்காமல் கேட்டாள். "என்கிட்ட வந்து கேட்டியான்னு நீ கேட்டப்போ எனக்கு உறைச்சிருக்கணும். உறைக்கல. அவர் சொன்னா சரியா இருக்கும்னு இருந்துட்டேன்."

ரேடியோ அந்த உறையின் ஓரத்தை மடக்கி நிமிர்த்தி, மடக்கி நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். சுவர்க் கடிகாரச் சத்தம் கேட்டது. அந்த வீட்டில் கடிகாரம் இருப்பதே டீச்சருக்கு அன்றுதான் தெரிந்தது.

"உன் புருஷன் உனக்குப் பண்ணினதும், நீ எனக்குப் பண்ணினதும் ஒண்ணுதான்" என்றாள் கடைசியில். "உன்னால அவரை மன்னிக்க முடிஞ்சா சொல்லு. அன்னைக்கு நானும் யோசிக்கறேன்."

கதவுவரை வந்து வழியனுப்பினாள். அவ்வளவுதான். பள்ளியில் இருவரும் எதிரெதிரே வந்தால் இப்போது தலையை அசைத்துக்கொள்வார்கள். ரேடியோ தன் டிபன் பாக்ஸை நூலக அறையில் வைத்துச் சாப்பிடுகிறாள்.

அறைக்கும் மெஷினுக்கும் டீச்சரே பொறுப்பு என்பது விதி. எனவே வினாத்தாள் எழுதுவோர் பட்டியலிலிருந்து அவள் பெயரை நிரந்தரமாக நீக்கினார்கள். ஆசிரியை வேலைக்குப் பழுது வரவில்லை. அந்த வீட்டைக் காலி செய்துவிட்டுப் பள்ளிக்குப் பக்கத்தில் மாடியில் ஓர் அறை எடுத்துக்கொண்டாள். மறுதேர்வு மழைக்காலத்தில் நடந்தது. வாரியம் புதிதாக அனுப்பிய சுற்றறிக்கையில், திரைக்கான துளைகளுக்கும் முத்திரை வைக்க வேண்டும் என்று ஒரு வரி கூடுதலாக இருந்தது.

ஜாமீனில் வந்த அவன் ஒருநாள் பள்ளி கேட்டுக்கு வெளியே நின்றான். இளைத்திருந்தான். காலரில் பட்டன் இல்லை. காவலாளி வந்து சொன்னதும் இடைவேளையில் அவள் இறங்கி வந்தாள். கேட்டுக்கு உள்ளேயே நின்றுகொண்டாள்.

"வக்கீல், ஒரு வருஷத்துக்கு மேல இழுக்கும்னு சொல்றார்" என்றான். "நான் பண்ணினது தப்புதான். இல்லைன்னு சொல்லல. ஆனா எழுதிக் குடுக்கறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நானே வந்து சரணடைஞ்சிருப்பேன். அதைக்கூட நீ எனக்கு விட்டுக்குடுக்கல."

"சொல்லியிருந்தா நீங்க பேசியிருப்பீங்க. நீங்க பேசினா நான் நம்பிடுவேங்க. இருபத்தொரு வருஷமா அப்படித்தான். அந்தப் பயத்துலதான் சொல்லாம போனேன்."

அவன் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "இப்போ நான் என்ன சொன்னாலும் நம்ப மாட்டியா?"

"நம்பக்கூடாதுன்னு தினம் காலையில எனக்கு நானே சொல்லிக்க வேண்டியிருக்கு" என்றாள் அவள். குரல் உடைந்தது. அதை அவன் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

மணி அடித்தது. பிள்ளைகள் படிகளில் தடதடவென்று ஏறினார்கள். காவலாளி சங்கடத்தோடு கேட்டின் தாழ்ப்பாளைப் போட்டார். அவள் மாடி ஏறி, ஒன்பதாம் வகுப்புக்குள் நுழைந்து, வருகைப் பதிவேட்டைத் திறந்தாள். முதல் இரண்டு பெயர்களைக் கூப்பிட்டபின் மூன்றாவது பெயர் கண்ணில் கலங்கி வாசிக்க வரவில்லை. முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து வந்து, அவளிடமிருந்து பதிவேட்டை வாங்கி, மிச்சப் பெயர்களைத் தானே வாசித்தாள். முப்பத்தெட்டுப் பேரும் வந்திருந்தார்கள்.